நான் முன்குறிக்கப்பட்டவனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பவுல் எழுதிய ரோமர் நிருபம் 8:29, 30-ன்படி முன்னறிதல், முன்குறித்தல் (தேவன் ஒருவரை முன்பே குறித்து வைப்பது), அழைப்பு, நீதிமானாக்குதல், மகிமை எல்லாம் ஒரே சங்கிலி என்றால், அந்தச் சங்கிலியில் நான் இருக்கிறேனா இல்லையா என்று எப்படித் தெரியும்? இதுதானே உங்கள் கேள்வி?

எனக்குப் பத்தொன்பது வயதில் இதே கேள்வி வந்து மூன்று மாதம் ராத்திரித் தூக்கம் போனது. நீங்களும் ஏதோ ஒரு வேதபாட வகுப்பில் கரும்பலகையில் வட்டங்கள் போட்டு அம்புக்குறி இழுத்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. இந்த விஷயத்தில் எதிரெதிராக நிற்கிற இரண்டு இறையியலாளர்களில் கால்வின் கட்சியா அர்மீனியஸ் கட்சியா என்று கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் வட்டங்களைப் போட்டு முடித்தவர் திரும்பி, "நிச்சயம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்" என்றார். எல்லாரும் தூக்கினார்கள். நான் பாதி தூக்கிய கையைத் தலை சொறிவதுபோல் மாற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நான் முன்குறிக்கப்பட்டவன் என்பதற்கான அடையாளங்கள், வலப்பக்கம் இல்லை என்பதற்கானவை. "ஜெபத்தில் கண்ணீர் வந்தது" என்று இடப்பக்கம் எழுதுவேன். அடுத்த நாள் அதற்கு நேர் எதிரே "நேற்று தலைவலியும் இருந்தது" என்று எழுதுவேன். வலப்பக்கம் மட்டும் நிரம்பி அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

அந்த நோட்டு அப்பா கையில் கிடைத்தது. அவர் தமிழாசிரியர். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது, காரணம் கேட்டால் சொல்லமாட்டார். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "அடையாளங்கல்" என்று நான் எழுதியிருந்ததில் லகரத்தைச் சிவப்பு மையால் அடித்து ளகரம் ஆக்கினார். அப்புறம்தான், "என்னடா இது?" என்றார். வசனத்தை எடுத்துக் காட்டினேன். வகுப்பில் பயிற்சி கொடுப்பதுபோலவே ஆரம்பித்தார்.

"முப்பதாம் வசனத்தில் எழுவாய் எங்கே?"

"இல்லையேப்பா."

"இருக்கிறது. தோன்றா எழுவாய். முந்தின வசனத்தில் 'தேவன்' என்று வந்துவிட்டது அல்லவா? முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தினார், அத்தனை வினைக்கும் அவர்தான் எழுவாய். நீ எங்கே இருக்கிறாய்?"

"எவர்களை, அவர்களை..."

"இரண்டாம் வேற்றுமை. செயப்படுபொருள். செயப்படுபொருள் உட்கார்ந்து நோட்டில் கணக்கு எழுதுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் நரகத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறேன், இவர் வேற்றுமை உருபு பார்க்கிறார். அவர் விடவில்லை. "சரி, எதற்கு முன்குறித்தாராம்?" என்றார். பரலோகத்துக்கு என்றேன். "அப்படியா போட்டிருக்கிறது? படி." படித்தேன். "தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு." நூறு தடவை படித்த வசனம் அது. யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்கிற பட்டியலாகவே அதைப் பார்த்துப் பழகியதில், உள்ளே இருப்பவர்களை என்ன செய்யப்போகிறார் என்று அங்கேயே எழுதியிருந்தது கண்ணில் படவே இல்லை.

கடைசியாகக் காலம். "மகிமைப்படுத்தியும் இருக்கிறார்" என்று முடிகிறது வசனம். "உனக்கு மகிமை வந்தாயிற்றா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்திருக்கும். மூன்று காலமும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வருவதற்கு நன்னூல் நான்கு காரணம் சொல்கிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. இன்னும் கிளம்பாதவன் "இதோ வந்துவிட்டேன்" என்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் "மழை பெய்தது" என்பது தெளிவு, அதாவது நடப்பது அவ்வளவு உறுதி. "உங்கள் பவுல் எழுதியிருப்பது இந்தத் தெளிவு ரகம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கிரேக்க மூலத்திலும் அந்த வினைக்கு இறந்தகாலம்தான் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

மொழிபெயர்ப்பின் இலக்கணத்தை வைத்து உபதேசம் கட்டக்கூடாது என்று ஒருவர் கண்டிப்பாக எழுதுவார். சரிதான். தமிழில் இடறவும் வாய்ப்பு உண்டு. "நீதிமானாக்குதல்" என்றால் ஆளையே நல்லவனாக மாற்றுவதுபோல் காதில் விழுகிறது. மூலச் சொல் நீதிமன்றத்துச் சொல், இவன் நீதிமான் என்று தீர்ப்பு சொல்வது. இந்த ஒரு சொல் தீர்ப்பை மட்டும் குறிக்கிறதா, உள்ளான மாற்றத்தையும் சேர்த்துக் குறிக்கிறதா என்பதில்தான் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்களுக்கும் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பெரிய பிளவு. 1547-ல் கத்தோலிக்கர்களின் திரெந்து சங்கம் தன் நிலையை எழுதி வைத்தது. லூத்தரன் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட 1999 ஆகிவிட்டது.

"முன்னறிந்தார்" என்பதில் இன்னொரு தகராறு. யார் விசுவாசிப்பார்கள் என்று முன்பே பார்த்துக் குறித்தார் என்பது அர்மீனியஸ் வழி. முன்னறிதல் என்றாலே முன்கூட்டி அன்பு வைத்துத் தெரிந்துகொள்வது, அதாவது தேர்ந்தெடுப்பது, நம் விசுவாசம் அதன் பலன் என்பது கால்வின் வழி. அர்மீனியஸின் சீடர்கள் 1610-ல் ஐந்து குறிப்புகள் எழுதினார்கள், நெதர்லாந்தின் டார்ட் நகரத்தில் 1618-19-ல் கூடிய சங்கம் அவற்றைத் தள்ளியது. நான் எந்தப் பக்கம் என்று வற்புறுத்திக் கேட்டால், இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் அந்தக் கால்வினே தன் பெரிய இறையியல் நூலின் கடைசிப் பதிப்பில், 1559-ல் வந்தது, இந்த விஷயத்தை நூலின் தொடக்கத்தில் வைக்கவில்லை. விசுவாசம், நீதிமானாக்கப்படுதல் எல்லாம் சொல்லி, ஜெபத்தைப் பற்றி நீண்ட அதிகாரம் ஒன்றும் எழுதிவிட்டு, அப்புறம்தான் தெரிந்துகொள்ளுதலுக்கு வருகிறார். அதைப் பார்க்க வேண்டிய கண்ணாடி கிறிஸ்து என்றும் அங்கே சொல்கிறார். கரும்பலகை வகுப்பில் எனக்கு முன்குறித்தலைக் கடைசிக்கு வைக்கவில்லை, முதல் நாளே முதல் வட்டம் அதுதான்.

கை தூக்காததற்கு வெட்கப்பட்ட எனக்கு அப்போது தெரியாத இன்னொன்று. கால்வின் வழியில் கண்டிப்புக்குப் பேர்போன வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 1646-ல் எழுதி முடித்தது, இரட்சிப்பின் நிச்சயம் கிடைக்க உண்மையான விசுவாசிக்கும் நீண்ட காலம் ஆகலாம் என்கிறது. நிச்சயம் இல்லாததே தள்ளப்பட்டதற்கு அடையாளம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவர் இதைப் படிக்கவில்லை.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. அப்பா இறந்தபோது அடக்க ஆராதனை நடத்தியவர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அதில் அப்பாவின் பெயர் ஒரே முறை வந்தது, அதுவும் தப்பாக. நேரில் ஒரு நாள்கூட வந்து பேசாதவர்கள் அடக்கத்தில் மட்டும் மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை, இதை யாரிடம் போய்ச் சொல்வது? முடிந்ததும் என் தோளில் கை வைத்து, "அவர் தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் ஒருவரா என்பது கர்த்தருக்கே வெளிச்சம்" என்றார். வாக்கியத்தில் பிழை இல்லை. எனக்கும் உங்களுக்கும் அந்த மனிதருக்கும்கூட அது பொருந்தும். ஆனால் இன்னும் மண் மூடாத குழிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

முன்குறித்தலை எதிர்த்து இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி 1739-ல் பிரசங்கித்தார், அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் அதற்குப் பதில் எழுதி அச்சிட்டார். கடைசி வரை இருவரும் இதில் ஒத்துப்போகவே இல்லை. ஆனாலும் 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி, அதுவும் விட்ஃபீல்டே கேட்டுக்கொண்டபடி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் கண்ணி நம் கைக்கு எட்டாது, அந்தப் பட்டியலை யாரும் திறந்து காட்டப்போவதில்லை. எட்டுகிற இடம் அழைப்பு. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று யோவான் 6:37-ல் இருக்கிறது. அந்த வசனத்தின் முதல் பாதி பிதா கொடுக்கிறதைப் பற்றியது, பிற்பாதி வருகிறவனைப் பற்றியது. நீங்கள் பிற்பாதியில் நில்லுங்கள். ரோமர் எட்டையும் முப்பதாம் வசனத்தில் ஆரம்பிக்காமல் பதினெட்டிலிருந்து சத்தமாகப் படித்துப் பாருங்கள். பாடுபடுகிறவர்கள், பெருமூச்சு விடுகிறவர்கள், என்ன ஜெபிப்பது என்றே தெரியாதவர்கள், அவர்களுக்கு எழுதியது அது. நோட்டு எதுவும் போட்டிருந்தால் மூடி வையுங்கள். என்னுடையது இன்னும் பத்திரமாக இருக்கிறது, அந்தச் சிவப்பு ளகரத்துக்காக.

அப்படியானால் பார்வோனின் இருதயம்? ரோமர் ஒன்பதில் வருகிற அந்தக் குயவனும் களிமண்ணும்? கேட்கப்போகிறீர்கள், தெரியும். தனிக் கேள்வியாகப் போடுங்கள், என்னைவிடப் படித்தவர்கள் யாராவது பதில் எழுதட்டும்.