ஜப்பான் கிராமத்தில் குடித்தனம்: கேள்வி பதில்

நாகானோ மாகாணத்தின் இனா பள்ளத்தாக்கில் குடியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகள், நடுவில் தென்ரியூ ஆறு. இந்த மாதிரி ஊர்களுக்கு வேலைக்கோ குடும்பத்தோடோ வரப்போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். டோக்கியோ வாழ்க்கை வேறு, அதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

அக்கா, அக்கம்பக்கத்தில் எப்படிப் பழகுவது? எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறைதான்.

மொழியைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம் தம்பி. குடி போன வாரத்திலேயே எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு என்று போய்த் தலைகுனிந்து பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள். கையில் ஒரு துண்டோ சின்ன இனிப்புப் பெட்டியோ போதும். விலை கூடிய பரிசு கொடுத்தால், பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவர்களுக்குத்தான் சங்கடம்.

அடுத்தது ஊர்ச் சங்கம். 'ஜிச்சிகாய்' என்பார்கள். மாதாமாதமோ வருடத்துக்கு ஒருமுறையோ சந்தா இருக்கும். அங்கிருந்து 'கைரன்பான்' வரும். ஒரு அட்டையில் நாலைந்து அறிவிப்புத் தாள் செருகியிருக்கும், மேலே வீட்டுப் பெயர்ப் பட்டியல். படித்துவிட்டு உங்கள் பெயருக்கு நேரே முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வாசலில் வைத்துவிட்டு வரலாம். படிக்கத் தெரியவில்லையென்றால் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். எந்த வீட்டில் அது நின்றுபோனது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கூட்டு வேலை நாள். வசந்த காலத்தில் வயலுக்குத் தண்ணீர் விடும் முன் வாய்க்கால் தூர் வாருவார்கள், கோடையில் பாதையோரம் புல் வெட்டுவார்கள். நம் ஊர்க் குடிமராமத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன், இங்கே அது இன்னும் நடக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆள், காலையில் சீக்கிரமே. போகாத வீட்டிடம் பணம் வாங்கும் ஊர்களும் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டுத் தூங்கலாமே என்று நினைக்காதீர்கள். மண்வெட்டியோடு இரண்டு மணி நேரம் நின்ற ஆளை யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை. மறுநாளே வாசலில் முள்ளங்கிக் கட்டு கிடக்கும், யார் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. இலக்கணம் சுத்தமாகப் பேசிக்கொண்டு இந்த வேலைக்கு வராதவரைவிட உங்களுக்குத்தான் இங்கே மரியாதை.

குப்பை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பாமே?

ஆமாம். நகராட்சி குறித்த பையில்தான் போட வேண்டும், பல ஊர்களில் பையின் மேல் பெயரும் எழுத வேண்டும். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நாள். தவறாகப் போட்ட பை ஒட்டுச்சீட்டோடு அங்கேயே நிற்கும். தோகுஷிமா மாகாணத்தின் காமிகாட்சுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், அதைப் பார்த்தால் நம் பாடு தேவலை. குடி போனதும் நகராட்சி தரும் குப்பை நாட்காட்டியைக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

வீட்டில் சமைத்தால் பிரச்சினையே இல்லை. கத்தரி, பூசணி, வெண்டை, பாகல் எல்லாம் கோடையில் கிடைக்கும். சாலையோரத்தில் ஆளில்லாத சின்னக் காய்கறிக் கடைகள் இருக்கும், பெரும்பாலும் 100 யென். காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பு, உளுந்து, கடுகு எல்லாம் இணையக் கடைகளில் வாங்கலாம்.

வெளியே சாப்பிடும்போதுதான் கவனம். காய் மட்டும் மிதக்கிற மிசோ (சோயா விழுது) சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கடையில் விற்கும் ஜப்பானியக் குழம்புக் கட்டிகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீன் சாறும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். நாகானோவில் 'ஓயாகி' என்று ஒரு மாவு உருண்டை, உள்ளே பூசணியோ கத்தரியோ வைத்திருப்பார்கள். அதிலும் மீன் சாறு சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த ஊர்ப் பெரியவர்கள் சோயா சாஸில் சுண்டவைத்த வெட்டுக்கிளியை ஆசையாக நீட்டுவார்கள். சிரித்தபடி மறுத்துவிடலாம், கோபப்பட மாட்டார்கள்.

கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா? இந்திய உரிமம் செல்லுமா?

முடியாது. ஈதா பாதையில் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் எண் பலகை போட்ட 660 சிசி சின்ன கார் வாங்குங்கள். வரி குறைவு, வயல் பாதையிலும் நுழையும்.

சர்வதேச அனுமதியை ஊரிலேயே வாங்கி வந்தால் வந்திறங்கியதிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம் ஓட்டலாம். அதற்குள் ஜப்பான் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். உரிமம் எடுத்த பிறகு இந்தியாவில் குறைந்தது மூன்று மாதம் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அதனால் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 90 சதவீதம் வேண்டும். ஓட்டும் தேர்வில் கண்ணாடி பார்ப்பதோடு தலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும், நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

குளிர் தாங்குமா?

வெளிக் குளிரைவிட வீட்டுக் குளிர்தான் படுத்தும். பழைய வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி, சுவரில் குளிரைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இல்லை. ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு வாழ்வார்கள். மண்ணெண்ணெய் ஹீட்டர்தான் துணை. 18 லிட்டர் கேனில் பெட்ரோல் பங்கிலேயே பிடிக்கலாம். மணிக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள், சோம்பல் கூடாது, உயிர் விஷயம்.

வெளியே மைனஸ் நாலு டிகிரிக்குக் கீழே போனால் குழாய் உறையும். குழாயைச் சுற்றியிருக்கும் சூடேற்றும் பட்டையின் பிளக்கை மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிடுங்கிவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுப் போங்கள், எந்தத் திருகு என்று வீட்டுக்காரரையே காட்டச் சொல்லுங்கள். உறைந்த குழாயில் கொதிநீர் ஊற்றினால் வெடிக்கும். துணியைச் சுற்றி வெதுவெதுப்பான நீரை மெல்ல விடுங்கள்.

இட்லி மாவு புளிக்குமா என்று நாலு பேர் கேட்டிருந்தீர்கள். மெத்தை மூடிய சூட்டு மேசையான கொத்தாட்சுவுக்குள் பாத்திரத்தை வையுங்கள், குறைந்த சூட்டில். அடியில் தட்டு அவசியம், பொங்கினால் மெத்தையைத் துவைத்துக் காயவைப்பது பெரும்பாடு.

ஜப்பானில் வீடு சும்மா தருகிறார்களாமே, உண்மையா?

காலி வீடுகள் இருப்பது உண்மை. 2023 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஆனால் வீடு வாங்கினால் விசா கிடைக்காது. கூரை, கழிவுநீர்த் தொட்டி, முன்னிருந்தவர் விட்டுப்போன சாமான் எல்லாம் உங்கள் தலையில்தான். கூடவே வயல் இருந்தால் விவசாயக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். முதல் இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாமா? கரடி வருமா?

இரண்டுக்கும் ஆமாம். பிள்ளைகள் சேர்ந்தே நடந்து போவார்கள். மலையோர ஊர்களில் புத்தகப் பையில் கரடி மணி தொங்கும். வீட்டுப் பக்கம் பழுத்த பெர்சிமன் மரத்தைப் பறிக்காமல் விட்டால் கரடியை நீங்களே அழைத்த மாதிரி.

மதிய உணவு பள்ளியிலேயே எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் மீனும் இறைச்சியும் இருக்கும். சைவம் என்றால் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் பேசி வீட்டிலிருந்து டப்பா கொடுத்து அனுப்பச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே வரும். அன்றைக்கு அங்கே ஜப்பானியக் குழம்புச் சோறு என்றால் நீங்களும் சாம்பார் சாதம் கட்டிவிடுங்கள், பிள்ளைக்குத் தனியாகத் தெரியாது.