கோடையில் மீன் தொட்டி நீர் 33 டிகிரிக்குப் போகிறது, ஐஸ் போடலாமா?

ஐஸை விடுங்கள், முதலில் ஏர் பம்ப். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது மூச்சுத் தவிப்பு. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் உடல் இயக்கம் வேகமாகி, ஆக்சிஜன் தேவை கூடிவிடும். வரவு குறைந்து செலவு ஏறினால் என்ன ஆகும்?

அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். சத்தம் தொந்தரவு என்று பலர் இரவில்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் செடி வைத்த தொட்டியில் விளக்கை அணைத்த பிறகு செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் நிலைமை மோசமாக இருக்கும். பம்ப் இல்லையென்றால், ஃபில்டரிலிருந்து நீர் வெளியே வரும் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள்.

சூட்டைக் குறைக்க என் ஓட்டு ஃபேனுக்குத்தான். மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன மேசை ஃபேனைச் சாய்வாக, காற்று நீர்ப்பரப்பின் மேல் படும்படி வையுங்கள். ஃபேனும் வயரும் நீரில் விழ வழியே இருக்கக்கூடாது. பொதுவாக 2 முதல் 4 டிகிரி வரை இறங்கும். அந்தக் காற்றில் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தை ஐஸைக் கொண்டு எடுக்க ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டும்! காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும் பலன் குறையும். மூடி இல்லாத தொட்டியிலிருந்து மீன் துள்ளி வெளியே விழலாம், பெட்டா மாதிரி மீன்கள் கண்டிப்பாக முயற்சி செய்யும். மேலே வலை போட்டுவிடுங்கள். குறைகிற நீருக்குப் பதிலாக குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள். ஆனால் உப்புகள் ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்குவதால், வழக்கமான நீர் மாற்றத்தையும் விட்டுவிடக்கூடாது.

ஐஸ் கட்டிகளை நேராகக் கொட்டுவது வேண்டாம். சின்னத் தொட்டியில் வெப்பநிலை சட்டென்று சரியும், ஐஸ் கரைந்ததும் திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கம் 31 டிகிரியில் நிலையாக இருப்பதைவிட மீனை அதிகம் வாட்டும். அவசரம் என்றால் நீர் நிரப்பி உறையவைத்த, நன்றாக மூடிய பாட்டிலை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மணிக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும்.

அப்புறம், ஹீட்டர் இருந்தால் அதன் பிளக்கை எடுத்துவிடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் அணையாமல் ஓடுவதும் உண்டு. விளக்கு நேரத்தைக் குறையுங்கள், ஜன்னல் வெயில் தொட்டி மேல் விழாமல் திரை போடுங்கள். தீனியையும் பாதியாக்குங்கள், மிச்சத் தீனி அழுகினால் அமோனியா ஏறும், சூடான நீரில் அதன் நச்சும் கூடும்.

என்ன மீன் என்று நீங்கள் சொல்லவில்லை. டிஸ்கஸுக்கு 29, 30 டிகிரி சாதாரணம். கப்பியும் கொஞ்சம் தாங்கும். கோல்ட்ஃபிஷ் என்றால் அது குளிர்நீர் மீன், ஃபேனை இன்றே வையுங்கள். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கும் யோசனை இருந்தால், அது நீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் விடும், மூடிய சின்ன அறைக்கு ஒத்துவராது.