குளக்கட்டைக் கோடையிலதான் கட்டுறது

அன்பான அக்காவுக்கு,

விசுவமடுவில இருந்து எழுதுறன். வயசு 34, ரெண்டு பிள்ளையள், முன்பள்ளி ஒண்டில படிப்பிக்கிறன். மனச்சோர்வு எண்டு ஒன்பது மாசமா கிளினிக்கில மருந்து எடுக்கிறன், இப்ப கொஞ்சம் சுகம். யூடியூப்பைத் திறந்தால் செல்ஃப் கேர் செல்ஃப் கேர் எண்டு முகத்துக்குப் பூசுறது, வாசமான மெழுகுதிரி, தனியா ட்ரிப் போறது. எனக்கு அதுக்குக் காசும் இல்லை நேரமும் இல்லை. போன கிழமை மத்தியானம் கதவைச் சாத்திப்போட்டு அரை மணித்தியாலம் படுத்தன், மாமி "தன்ர சுகத்தை மட்டும் பாக்கிறாள்" எண்டா. அது சுயநலமா அக்கா? குளிசை போட்டால் நித்திரை தூக்குது, இப்ப சுகம்தானே, விடுவமோ எண்டும் இருக்கு. 2009இல கடைசிச் சண்டையில மாத்தளன் பக்கம் தம்பியைப் பறிகுடுத்தனான். ஒவ்வொரு வருசமும் மே வர நான் விழுந்துபோறன். இந்த முறையும் பயமா இருக்கு.

- ஒரு வாசகி

அன்பான தங்கச்சி,

சுயநலம் இல்லை. முதல் அதைச் சொல்லிப்போடுறன், மிச்சத்தைப் பிறகு கதைப்பம். காய்ச்சலோட ஒராள் படுத்தால் ஆரும் சுயநலம் எண்டு சொல்லுறேல்லை, உங்களுக்கும் வருத்தம்தான், அது வெளியால தெரியாத வருத்தம் எண்டபடியால சனம் ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டுப் போகுது. மாமியிலயும் எனக்குக் கோவம் இல்லை, அவவும் இதே நிலத்தில எல்லாத்தையும் பாத்த மனிசி, படுத்தால் எழும்பமாட்டன் எண்ட பயத்திலதான் அவவின்ர தலைமுறை படுக்காமலே இருந்தது.

என்ர கதையைக் கொஞ்சம் சொல்லவேணும். முகாமால வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்த காலம், எனக்கு விடிய மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும், பிறகு விடியுமட்டும் யோசினை, யோசினை, யோசினை. எட்டு நாள் குளிக்காமல் இருந்திருக்கிறன், கிணறு இருபது அடி தூரம், போக ஏலாது. அசண்டைக்காரி எண்டு சொந்தக்காரரே சொன்னவை. நான் தலையிடி எண்டுதான் ஒரு வருசமா ஆஸ்பத்திரிக்குத் திரிஞ்சனான், பனடோல் தந்து விட்டவை, ஒருநாள் ஒரு டொக்டர் பிள்ளை மட்டும் "நித்திரை எப்பிடி அம்மா?" எண்டு கேட்டா, நான் அங்கயே அழுதிட்டன். எங்கட சனத்துக்கு மனவருத்தம் தலையிடியா, நெஞ்சுப் பதைப்பா, உடம்பு உளைவாத்தான் வரும், அதைத் தெரிஞ்சு கேக்கிற ஆக்கள் வேணும்.

அந்த நாளையில எனக்கு ஆராவது மெழுகுதிரி கொளுத்தச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பன் எண்டு தெரியேல்லை. வசதியுள்ளவை செய்யட்டும், அதில பிழை இல்லை. ஆனால் எங்களுக்கு நான் சொல்லுறது வேற. குளக்கட்டைக் கோடையில கட்டுறம், தண்ணி மேவி வரேக்க மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிரியோசனம் இல்லை. அதுமாதிரி கெட்ட நாளுக்கான வேலையை நல்ல நாளில செய்து வைக்கவேணும், ஏனெண்டால் கெட்ட நாளில எங்களால ஒரு முடிவும் எடுக்க ஏலாது, தேத்தண்ணி குடிக்கிறதோ விடுறதோ எண்டதே பெரிய முடிவா இருக்கும். நீங்கள் இப்ப கொஞ்சம் சுகம் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அப்ப இதுதான் உங்கட கோடை.

குளிசையை விடாதேங்கோ, தயவுசெய்து. அந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே ரெண்டு நாலு கிழமை எடுக்கும், சுகம் வந்தாப் பிறகும் குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரச் சொல்லித்தான் டொக்டர்மார் வழமையா சொல்லுறவை, சுகம் வந்த கையோட விட்டால் வருத்தம் திரும்பி வாறதுக்குச் சந்தர்ப்பம் கூட. திடீரெண்டு நிப்பாட்டினால் தலைச்சுத்து, அந்தரம், நித்திரைக் குழப்பம் எண்டு வேற வரும். நித்திரை தூக்குதெண்டால் அதைக் கிளினிக்கில வாய்விட்டுச் சொல்லுங்கோ, போடுற நேரத்தையோ அளவையோ மருந்தையோ அவை பாத்து மாத்தலாம். நாங்கள் அங்க போய் வரிசையில நிண்டு களைச்சு "சுகம்தான் டொக்டர்" எண்டு சொல்லிப்போட்டு வந்திடுறம். சொல்ல வேண்டியதைக் கிளினிக் கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில முதல்நாளே எழுதிக்கொண்டு போங்கோ. கோயிலுக்குப் போய் நூல் கட்டுறதெண்டால் கட்டுங்கோ, வற்றாப்பளைக்குப் போய் அம்மாளாச்சியிட்ட அழுதுபோட்டு வாங்கோ, நானும் போறனான், ஆனால் குளிசைக்குப் பதிலா இல்லை.

கெட்ட நாளுக்கு, குறைஞ்சது இவ்வளவாவது செய்வன் எண்டு ஒரு அடிமட்டம் வையுங்கோ. எனக்கு அது முகம் கால் கழுவுறது, ஏதோ ஒண்டு வயித்துக்குள்ள போடுறது, குளிசை, ஒரு மனிசரோட கதைக்கிறது. அவ்வளவுதான். குளிக்க ஏலாட்டி ஒரு வாளி தண்ணியைக் காலில ஊத்தினாலும் அது கணக்கு. சமைக்க ஏலாத நாளுக்கெண்டு உழுத்தம்மாவோ சத்துமாவோ ஒரு போத்தலில வறுத்து வைச்சிருங்கோ, சுடுதண்ணி மட்டும் போதும். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். இரவு நித்திரை வராட்டி படுக்கையில கிடந்து யோசிக்காமல் எழும்பி விறாந்தையில இருங்கோ, கண் சொருகேக்க வந்து படுங்கோ, எத்தினை மணிக்குப் படுத்தாலும் காலமை ஒரே நேரத்துக்கு எழும்புங்கோ. அந்த மத்தியான அரை மணித்தியாலத்தை விடவேண்டாம், அதைவிட நீட்டாதேங்கோ.

இன்னொண்டு. பக்கத்து வளவு அக்காவோ ஆரோ ஒராளிட்ட நல்ல நாளில சொல்லி வையுங்கோ, "என்ர படலை எட்டு மணி தாண்டியும் திறபடாட்டி வந்து கூப்பிடுங்கோ" எண்டு. என்ன வருத்தம் ஏது எண்டெல்லாம் விளக்கத் தேவையில்லை. எனக்கு அப்பிடி ஒராள் இருந்தவ, ரெண்டு தரம் வந்து கூப்பிட்டவ, அந்த ரெண்டு தரத்தையும் நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.

கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ, சாகலாம் எண்ட எண்ணம் வாறதோ? வந்தால் அதை மறைக்காமல் கிளினிக்கில சொல்லுங்கோ, இரவெண்டால் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம் அது, தமிழிலயும் கதைக்கலாம். வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில கிடந்தால் இண்டைக்கே வேற இடத்தில பூட்டி வைக்கச் சொல்லுங்கோ. இதைச் சும்மா சொல்லேல்லை. 1990களின்ர நடுவில உலகத்திலயே தற்கொலை ஆகக் கூடின நாடுகளில ஒண்டு இலங்கை, கடும் நஞ்சுள்ள பூச்சி மருந்துகளை ஒண்டொண்டாத் தடை செய்த பிறகுதான் அது அரைவாசிக்கும் கீழ இறங்கினது. அந்த நேரத்து அலை கடந்து போகக்கூடியது தங்கச்சி, கடக்குமட்டும் கைக்கெட்டின தூரத்தில ஒண்டும் இருக்கக் கூடாது.

மே மாசம். இதை எழுதேக்க எனக்கும் கை கொஞ்சம் நிக்குது. உங்கட உடம்பு திகதியை ஞாபகம் வைச்சிருக்கு, அது உங்கட பலவீனம் இல்லை, தம்பியில வைச்ச பாசம். ஆனால் 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவு நாள் வாற அந்த ஒரு கிழமையும் ஃபேஸ்புக்கைத் திறந்தால் தானா ஓடுற சண்டைக்கால வீடியோக்களைப் பாக்காதேங்கோ, நீங்கள் அங்க நிண்ட ஆள், உங்களுக்கு ஒருத்தரும் காட்டத் தேவையில்லை. செட்டிங்ஸில ஓட்டோப்ளேயை நிப்பாட்டலாம், ஏலாட்டி அப்ஸையே அழிச்சுப்போட்டு 19ஆம் திகதி திரும்பப் போடுங்கோ. முன்பள்ளியில 18க்கு இப்பவே லீவு சொல்லுங்கோ. முள்ளிவாய்க்காலுக்குப் போறதெண்டால் தனியப் போகாதேங்கோ, ஆரோடயாவது போய் ஆரோடயாவது வாங்கோ. போக மனம் இல்லாட்டி வீட்டில விளக்கை வைச்சு, கஞ்சி காய்ச்சி, பிள்ளையளுக்கு மாமாவைப் பற்றிச் சொல்லுங்கோ, அவன் எப்பிடிச் செத்தான் எண்டதை இல்லை, அவனுக்கு என்ன விருப்பம், என்ன குழப்படி செய்தவன் எண்டதை. மாமியையும் பக்கத்தில இருத்துங்கோ, அவவிட்டயும் சொல்லாத பேர் ஒண்டு ரெண்டு இருக்கும்.

அடுத்த கிளினிக் எப்ப? போயிட்டு வந்து எழுதுங்கோ, நித்திரை தூக்குறதுக்கு என்ன சொன்னவை எண்டதையும், படலைக்கு ஆரைப் பிடிச்சீங்கள் எண்டதையும்.

அன்போட,
அக்கா