ஹெலிகாப்டரில் ஹீட்டர் போட்டால் எண்ணெய் வாடை: ஃபில்டர் மாற்றினால் போகுமா?

போகாது. சேலத்தில் கிளம்பும்போது இல்லாத வாடை, ஏற்காட்டுக் குளிருக்கு ஹீட்டர் போட்டதும் வருகிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டர்பைன் ஹெலிகாப்டர்கள் பலவற்றில் ஹீட்டருக்கான சூடான காற்று எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரிலிருந்துதான் வருகிறது. அங்கே எண்ணெய் வெளியேறாமல் அடைக்கும் சீல் கசிந்தால் வாடை நேரே கேபினுக்குள்தான். ஹெப்பா ஃபில்டர் (நுண்துகள் வடிகட்டி) போட்டாலும் அது தூசியைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும்.

தரையில் எஞ்சின் ஓடும்போதே ஹீட்டரைப் போட்டு அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் வாடை போகாவிட்டால், பின்காற்றில் எஞ்சின் புகை உள்ளே வரலாம்; மூக்கை காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினால் தெரிந்துவிடும். (ஹெலிகாப்டரின் மூக்கைச் சொல்கிறேன்!)

ஒன்று: கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் ஹீட்டரை அணைத்து, வெளிக்காற்றைத் திறந்துவிட்டு, சீக்கிரம் இறங்கப் பாருங்கள். அப்புறம் எஞ்சினியர் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.