லெவோஃப்ளாக்சசின் கொடுத்தும் தம்பி நாக்கில் வெள்ளைப் படலம்

மஜ்ஜை மாற்று முடிந்து 12-ஆம் நாள், லெவோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக் போகும்போதே பூஞ்சை வந்துவிட்டது, நிறுத்திவிடலாமா என்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள் அண்ணா. அது பாக்டீரியாவைத்தான் அடிக்கும். குடலின் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போவதால் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு இறங்கிக் கிடப்பதுதான் பெரிய காரணம். அதற்காகத்தான் பலருக்கு ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தையும் கூடவே கொடுப்பார்கள். தம்பி சீட்டில் இருக்கிறதா? ஃப்ளுகோனசோல் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையைத் தடுக்காது, அதனால் சிலருக்கு போசகோனசோல். இரண்டுமே ரத்தத்தில் டாக்ரோலிமஸ் (எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) அளவை ஏற்றிவிடும், கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

என் அக்காவுக்கும் இப்படி வந்தது. டார்ச் அடித்து நாக்கைப் போட்டோ எடுத்து நர்ஸிடம் காட்டினோம். நீங்களும் இன்றே காட்டுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்புறம், பார்க்க வருபவர்கள் பூங்கொத்து கொண்டுவர வேண்டாம்.