கத்தியா, கம்பியா? மூளை ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஆவது பற்றிச் சில கேள்விகள்

இருபது ஆண்டுகளாக மூளை அறுவை மருத்துவனாக இருக்கிறேன். பெரும்பாலும் ரத்தக்குழாய்க் கோளாறுகள்தான்: குழாயின் சுவர் நைந்து குமிழ்போலப் புடைக்கும் அனியூரிசம், தமனியும் சிரையும் சிக்குண்டு கிடக்கும் நாளப் பின்னல், திடீர் அடைப்பு. இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வருமானம் பற்றி மட்டும் பதினொரு பேர் கேட்டிருக்கிறீர்கள்; அதற்கும் பதில் இருக்கிறது.

பிளஸ் டூ மாணவி, ஒட்டன்சத்திரம்: ஐயா, மூளை ரத்தக்குழாய் நிபுணராக மொத்தம் எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

விரல் விட்டு எண்ணலாம் அம்மா, இரண்டு கை போதாது. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. பிறகு பொது அறுவையில் எம்.எஸ். மூன்று ஆண்டு. அதன்பின் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். இன்னொரு மூன்று. அதற்கு மேல் ரத்தக்குழாய்க்கென்றே ஓர் ஆண்டோ இரண்டாண்டோ ஃபெலோஷிப். இடையில் நீட் தேர்வுகளுக்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கும் மாதங்களையும், அரசுக் கல்லூரியில் படித்தால் ஒப்பந்தப் பணிக் காலத்தையும் கூட்டினால், தனியாகக் கிளிப் (புடைப்பின் கழுத்தை இறுக்கி மூடும் சிறு கவ்வி) போடும் நாளில் உனக்கு வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு ஆகியிருக்கும். இப்போதைக்கு உயிரியலை ஒழுங்காகப் படி.

ஹவுஸ் சர்ஜன், திருநெல்வேலி: எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராகச் சேரும் ஆறு ஆண்டுப் படிப்பு நல்லதா, எம்.எஸ். வழி நல்லதா?

நேர்ப்படிப்பு சில தேசிய நிறுவனங்களிலும் தேசியத் தேர்வு வாரியத்தின் கீழும் இருக்கிறது. ஒரு பெரிய தேர்வு மிச்சம். முதல் நாளிலிருந்தே மூளைதான். ஆனாலும் நான் எம்.எஸ். கட்சி. அந்த மூன்று ஆண்டில், நள்ளிரவில் விபத்தில் வரும் வயிறுகளைத் திறந்து திறந்துதான் ரத்தத்தைக் கண்டு பதறாத கை வருகிறது. வயிற்றில் பீறிட்டால் விரலை வைத்து அழுத்திக்கொண்டு மூத்தவரைக் கூப்பிடலாம். மூளையில் அந்த விரலை வைக்க இடமில்லை.

எந்த இடத்தில் சேர்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பழைய பரம்பரைகள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை. அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆகியவற்றின் பெயரை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சேராதீர்கள். அங்கே இறுதியாண்டு படிப்பவரைத் தேநீருக்கு அழைத்துப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சைல்வியன் பிளவை உங்கள் கையால் எத்தனை முறை பிரித்தீர்கள்?” மூளையின் பக்கவாட்டில் உள்ள அந்த ஆழ்ந்த மடிப்பைப் பிரித்துத்தான் பல அனியூரிசங்களை அடைய வேண்டும். அவர் பேச்சை மாற்றினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

எம்.சிஎச். இரண்டாம் ஆண்டு, கோவை: டாக்டர், எல்லாம் தமனிக்குள் செலுத்தும் கம்பி வழியாகவே முடிந்துவிடுகிறது. மண்டையைத் திறக்கும் கிளிப் அறுவையை இனிக் கற்றுக்கொள்வதில் பயன் உண்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பால்டிமோரில் வால்டர் டாண்டி 1937-இல் ஓர் அனியூரிசத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் மாட்டினார். அன்றிலிருந்து அரை நூற்றாண்டு இது கத்திக்காரர்களின் ராஜ்ஜியம். 1990-இல் குக்லியெல்மி என்ற இத்தாலியர், கலிஃபோர்னியாவில், தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்பி, மின்சாரத்தால் அதைக் கழற்றிவிட்டார். அதுதான் காயில். 2002-இல் வெளிவந்த ஐசாட் ஆய்வு வழக்கைத் தீர்த்தது என்று பலரும் நினைத்தார்கள். வெடித்த அனியூரிசம் உள்ள 2143 பேரை இரு வழிக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் காயில் பக்கம் 23.7 விழுக்காடு, கிளிப் பக்கம் 30.6. அந்த எண்களுக்குப் பிறகு பல ஊர்களில் கிளிப் பெட்டியே திறக்கப்படவில்லை.

ஆனால் அந்த ஆய்வில் யார் சேர்க்கப்பட்டார்கள் என்று பாருங்கள். எந்த வழியும் பொருந்தும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நோயாளிகள் மட்டுமே. நடுப் பெருமூளைத் தமனியின் கிளையில், அகன்ற கழுத்தோடு உட்காரும் புடைப்புகள் அதில் குறைவு. அவை இன்றும் பெரும்பாலும் கிளிப்புக்குத்தான் வருகின்றன. ரத்தக்கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தால் எப்படியும் மண்டையைத் திறக்கத்தான் வேண்டும். காயில் போட்ட இடத்தில் மீண்டும் ரத்தம் நிரம்பி, நுண்குழாய்க்கு வழியில்லாமல் நம்மிடம் வருபவர்களும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், எளியவையெல்லாம் கம்பிக்குப் போய்விட்டன. கத்திக்கு வருபவை எல்லாமே கடினமானவை. என் தலைமுறை எளிய பத்தில் கற்று பதினொன்றாவதாகக் கடினமானதைத் தொட்டது. உங்களுக்கு முதலாவதே கடினமானது. ஆகவே இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். கையில் ஒரே கருவி இருப்பவர் நோயாளியை அந்தக் கருவிக்கேற்ப வளைக்கிறார். இதைக் கத்திக்காரர்களிடமும் பார்த்திருக்கிறேன், கம்பிக்காரர்களிடமும் பார்த்திருக்கிறேன், என்னிடமும் பார்த்திருக்கிறேன்.

நரம்பியல் மருத்துவர், மதுரை: அறுவை படிக்காத நாங்கள் கம்பிச் சிகிச்சைக்கு வரலாமா?

தாராளமாக. கதிரியல், நரம்பியல், நரம்பியல் அறுவை ஆகிய மூன்று வாசல்களிலிருந்தும் வருகிறார்கள். 2015-இல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகள், பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் கட்டியைக் கம்பியால் இழுத்தெடுப்பது பலன் தரும் என்று நிலைநாட்டிய பிறகு, ஆள் போதவில்லை. ஆறு மணி நேரத்துக்குள், தேர்ந்தெடுத்த சிலருக்கு இருபத்துநான்கு மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்பதால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து கேத் லேபுக்கு (எக்ஸ்ரே படம் பார்த்தபடி குழாய் செலுத்தும் அறை) ஓட மனம் உள்ளவருக்குத்தான் இந்த வாசல். சண்டை எங்கே என்றால், குழாய் உள்ளே கிழிந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதில். அந்த எண்ணை முதலிலேயே செல்பேசியில் சேமித்துவையுங்கள்.

எம்.எஸ். மாணவர், சேலம்: நுண்தையலை வீட்டிலேயே பழக முடியுமா?

முடியும், கோழிக் கடையிலிருந்து தொடங்குங்கள். முழு இறக்கை, தோலோடு, வெட்டாமல் என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டாக வெட்டிவிட்டால் குழாயும் போயிற்று. உள்பக்கத் தோலைக் கீறித் தசையை விலக்கினால் நரம்பை ஒட்டி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தமனி ஓடும். மூளையின் மேற்பரப்பில் பைபாஸ் (ரத்தத்துக்கு மாற்றுவழி) தைக்கும் குழாயின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். பத்து-பூஜ்யம் நைலான் இழை தலைமுடியை விட மெல்லியது. மூச்சு விட்டால் பறக்கும். முதல் வாரம் ரப்பர் கையுறைத் துண்டைத் தையுங்கள், அதன்பின் இறக்கை.

வெட்டிய இரு முனைகளையும் எட்டுப் பத்துத் தையலில் சேர்த்தபின், இன்சுலின் ஊசியால் நீல மை கலந்த நீரைச் செலுத்துங்கள். ஒழுகினால் தையல் தூரம். ஒழுகவும் இல்லை, மறுமுனையில் வரவும் இல்லை என்றால், முன் சுவரோடு பின் சுவரையும் சேர்த்துத் தைத்திருக்கிறீர்கள். முதல் ஐம்பதில் பாதி அப்படித்தான் ஆகும். அரங்கில் அந்தக் குழாய் அடைபட்டிருக்கும் நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம். அதற்குள் முடிக்கும் வரை இறக்கையை விடாதீர்கள். என் வீட்டில் ஆறு மாதம் கோழிக் குழம்பே வேண்டாம் என்றார்கள்.

எம்.சிஎச். முடித்தவர், திருச்சி: முப்பத்திரண்டு வயதாகிறது. வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்குத் தாமதமோ?

யாசர்கில் ஏற்கெனவே சூரிச்சில் அறுவை மருத்துவராக இருந்தபோது, ஏறக்குறைய நாற்பது வயதில், அமெரிக்காவின் வெர்மான்ட்டுக்குப் போய் டோனகியின் ஆய்வகத்தில் நுண்குழாய் தைக்கப் பழகினார். திரும்பி வந்து 1967-இல் முதல் மூளை பைபாஸ் செய்தார். நீங்கள் எட்டு ஆண்டு முன்னால் இருக்கிறீர்கள்.

நம்மவர்கள் அதிகம் போவது ஜப்பான். ஃபுஜிதா பல்கலைக்கழகத்தில் யோகோ காத்தோவிடம் கிளிப் அறுவை பார்க்கப் போன இந்தியர்கள் ஏராளம். பார்வையாளர் பயிற்சியா, கையால் செய்யும் பயிற்சியா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேலை செய்ய நினைத்தால் கதை வேறு: அங்கே ஏழு ஆண்டு ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி, பெரும்பாலும் முதலிலிருந்து.

பயிற்சி மருத்துவர், சென்னை: பெண்களுக்கு இது ஒத்துவராது என்கிறார்கள். கேத் லேப் கதிர்வீச்சும் பயமாக இருக்கிறது.

முதல் பாதிக்கு: ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டி. எஸ். கனகா உங்கள் ஊரில்தான், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், 1960-களில் படித்தார். அவரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் பாதிக்குப் பயம் நியாயமானது. ஈயக் கவசம், கழுத்துப் பட்டை, கண்ணாடி, அளவுமானி நான்கும் ஒவ்வொரு முறையும். கருவுற்றதும் துறைக்குச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் நுண்ணோக்கிப் பக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது சலுகை அல்ல.

பதினொரு பேர்: வருமானம்?

தாமதமாக வரும், வந்தபின் குறையிராது. தனிக் கிளினிக் போட முடியாது. கேத் லேப், நுண்ணோக்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் உள்ள பெரிய மருத்துவமனையை நம்பித்தான் இருக்க வேண்டும். உடன் படித்த தோல் மருத்துவர் வீடு கட்டிக் குடிபோகும்போது நீங்கள் விடுதியில் இருப்பீர்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எம்.சிஎச். முதலாண்டு: கையில் இருக்கும்போதே அனியூரிசம் வெடித்தால்?

நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும். இடக்கையிலுள்ள உறிஞ்சியை எடுக்காதீர்கள், எடுக்கத்தான் தோன்றும். அதை ஓட்டையின் மீதே வைத்து, மூலக் குழாய்க்குத் தற்காலிகக் கிளிப் போடுங்கள். மயக்க மருத்துவர் நிமிடங்களை உரக்கச் சொல்வார். எனக்கு முதல் முறை நடந்தபோது என் ஆசிரியர் பின்னால் நின்று, “மெதுவாக, அவசரமாக இருக்கிறது” என்றார். அந்த நோயாளி நடந்துதான் வீட்டுக்குப் போனார். அடுத்தவர் போகவில்லை. அவருடைய ஸ்கேன் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஒரு தந்தை, தஞ்சாவூர்: என் மகனுக்கு ஆசை இருக்கிறது, ஆனால் கை லேசாக நடுங்குகிறது.

எல்லார் கையும் நடுங்கும் ஐயா. நுண்ணோக்கியில் என் கையைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். முன்கையைத் தாங்கியில் ஊன்றி, சுண்டுவிரலை மண்டை ஓட்டின் விளிம்பில் நிறுத்தினால் அடங்கிவிடும். காலையில் காப்பியைக் குறைக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் தம்பி இந்தப் பக்கம் வந்தால் பார்க்கிறேன். வரும்போது நான்கு இறக்கை வாங்கி வரட்டும், வெட்டாமல்.