"நீங்களும் ஜெபம் பண்ணுங்க மேடம்" என்று கேட்டால்?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து, மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக ஓராண்டாக வேலை பார்க்கிறேன். நான் கிறிஸ்தவள். மனச்சிதைவு நோய் உள்ள இளைஞன் ஒருவனின் அம்மாவும் சபைக்குப் போகிறவர்தான். "நீங்களும் ஜெபம் பண்ணுங்க மேடம்" என்று ஓபியில் என் கையைப் பிடித்துக்கொண்டார், செய்தேன். அடுத்த மாதம் பார்த்தால் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். நான் செய்தது தவறா?

பதில்: உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் செய்த ஜெபம், அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியே சொன்ன வார்த்தை மாதிரி. இன்னொரு முறை கேட்டால், "நீங்க பண்ணுங்கம்மா, நான் கூட இருக்கேன்" என்று சொல்லி அமைதியாக இருங்கள். முடிந்ததும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பேசுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அவர் அம்மனுக்கு வேண்டிக்கொண்ட தாயாக இருந்திருந்தால் எந்தக் கோயில், என்ன நேர்த்தி, பூசாரி என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பீர்கள். இவர் 'நம் ஆள்' என்பதால் நீங்கள் எதையும் கேட்கவில்லை. மாற்று மதத்தவரிடம் நாம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். வழுக்குவது சொந்த மதத்தில்தான். மருந்தை நிறுத்தச் சொன்னது யார்? சபையில் யாராவதா, அந்த அம்மாவே எடுத்த முடிவா? போதகர் என்றால், குடும்பத்தின் சம்மதத்தோடு அவரைப் போய்ப் பாருங்கள். வாதாடப் போகாதீர்கள், "ஜெபம் நடக்கட்டும் ஐயா, மாத்திரையும் போடச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டால் போதும். நாம் பத்து முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொல்வது எடுபடும்.

இது ஒன்றும் புதிய வழி இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் 'தவா–துவா' திட்டம் வந்தது: மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில். மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற, திருச்சி பக்கத்துக் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வேண்டும் என்று ஒரு குடும்பம் சொன்னால் நான் தடுப்பதில்லை; 48 நாளுக்கு மாத்திரை கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்வேன். சங்கிலி மட்டும் எந்தச் சாமி பெயரிலும் கூடாது. 2017 மனநலச் சட்டத்தின் 95-வது பிரிவு அதை அடியோடு தடை செய்கிறது.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் ரமலான் நோன்பு இருந்தால், உடலில் நீர் குறைந்து ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறலாம். நோன்பு தொடங்குமுன் டாக்டரிடம் பேசியிருக்க வேண்டும். கேட்காத சமூகப் பணியாளருக்கு இது எப்படித் தெரியும்?

உங்கள் சொந்த ஜெபத்தை விட வேண்டியதில்லை. இந்த வேலையில் சிலரைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். வீட்டில் அந்தப் பையனுக்காகத் தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், அவர்களிடம் சொல்ல வேண்டாம். கழுத்துச் சிலுவையையும் கழற்ற வேண்டாம். என் நெற்றியில் விபூதி இருக்கிறது. "சாமி, நம்ம ஆளு" என்று யாராவது நெருங்கினால் அன்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

சரி, இப்போது உடனே செய்ய வேண்டியது: இந்த வாரமே வீட்டுக்குப் போங்கள். எந்தத் தேதியிலிருந்து மாத்திரை போடவில்லை என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய அட்டையிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிடாதீர்கள். அது குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து என்றால் 2 நாளுக்கு மேல் விட்டுப்போனாலே பழைய டோஸில் தொடங்கக் கூடாது. டாக்டர் குறைந்த அளவிலிருந்துதான் ஏற்றிக்கொண்டு வருவார்.